மாற்று மூட்டு வந்த வழி



சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப் பொழுதில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் இல்லத்துக்கு வந்தார். எங்கள் வீட்டு வாயிலில் மூன்று படிகளே உள. அந்த மூன்றையும் ஏறுவதற்கு அவர் கைபிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு மும்முறை நின்று இளைப்பாறினார். யான் இளம் ஆசிரியனாகச் சேவையிற் சேர்ந்த காலத்தில், மாணவியரை முந்திக்கொண்டு மாடிப்படி ஏறியவர் அவர். உள்ளே வந்து அமர்ந்ததும் வைத்தியசாலையில் தமக்குக் கொடுத்த அறிவுரைத் தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, முழங்கால் மூட்டை மாற்ற வேணும் என்கிறார்கள். இதை நான் நாலுதரம் வாசித்துவிட்டேன். இதைச் செய், அதைச் செய்யாதே என்று எழுதியிருக்கிறது. ஏன் என்று எழுதவில்லை. நீர் சரித்திரம் படித்தவர், ஏன் என்பதை எனக்குச் சொல்லும். இந்த மூட்டு எத்தனை வருடம் உழைக்கும் என்பதையும் சொல்லும்" என்றார்.

யான் வைத்தியன் அல்லன். ஆயினும் ஆசிரியையின் வினாவைத் தட்டிக்கழிக்கும் துணிவு எனக்கு இல்லை. வைத்திய நண்பர்களிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. அந்தத் தாளிலுள்ள கட்டளைகளுள் ஒன்றேனும் காரணமின்றி எழுதப்பட்டதன்று. அவற்றின் பின்னே யாரோ ஒரு வைத்தியரின் தோல்வி இருக்கிறது. யாரோ ஒரு நோயாளியின் துன்பம் இருக்கிறது. அக்கதையையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

முதற்கண் மூட்டு என்பது யாதென நோக்குவோம். இரண்டு என்புகள் கூடுமிடத்தில், அவற்றின் முனைகளை வழுவழுப்பான கசியிழையம் போர்த்தியிருக்கிறது. இடையே எண்ணெய் போன்ற ஒரு திரவம் சுரந்து நிற்கிறது. பனிக்கட்டியின் மேல் வழுக்கிச் செல்லும் சறுக்குப் பாதணியிலும் குறைந்த உராய்வுடன் இம்மூட்டு இயங்குகிறது. முதுமையாலோ, வாதநோயாலோ, பழைய காயத்தாலோ அக்கசியிழையம் தேய்ந்தொழியுமாயின், என்போடு என்பு உரசும். அப்போது ஒவ்வோர் அடியும் வேதனையாகும், உறக்கமுங் கெடும்.

இதற்குப் பரிகாரம் தேடிய வரலாறு ஏறக்குறைய 200 ஆண்டு பழைமையுடையது. 1826 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோன் ரே பார்ட்டன் என்னும் வைத்தியர், இடுப்பு மூட்டு இறுகிப்போன மாலுமி ஒருவனுக்குத் தொடையென்பை வெட்டி, அவ்விடத்தில் ஒரு போலி மூட்டை உண்டாக்கினார். மயக்கமருந்து வழக்கத்துக்கு வருவதற்கு இன்னும் 20 ஆண்டுகள் இருந்தன. முழு உணர்வோடு கிடந்த அம்மனிதனுக்குச் சத்திரசிகிச்சை ஏழு நிமிடங்களில் முடிந்ததாம். அவன் சில ஆண்டுகள் காலை அசைத்து நடந்தான். பின்னர் அவ்விடம் மீண்டும் இறுகிவிட்டது. வெட்டிய இடத்தை உடல் தானே ஒட்டவைத்துவிடும் என்பது இதனால் விளங்கியது. எனவே பின்வந்தோர் இரண்டு என்புகளுக்கும் இடையில் எதையேனும் வைக்க முயன்றனர். தசையை வைத்தனர்; தசையின் உறையை வைத்தனர்; பன்றியின் சலப்பையைக்கூட வைத்துப் பார்த்தனர்.

1890 ஆம் ஆண்டு பெர்லின் நகரில் தெமிஸ்தொக்கிளிஸ் குளுக் என்னும் சத்திரவைத்தியர் ஒருபடி மேலே சென்றார். யானைத் தந்தத்தினால் கதவுக் கீல் போன்ற ஒரு முழங்கால் மூட்டைக் கடைந்து, அதனை நோயாளியின் காலிற் பொருத்தினார். கருத்து உயர்ந்தது, விளைவோ துயரமானது. அவர் தெரிந்தெடுத்தவை காசநோயால் அரிக்கப்பட்ட மூட்டுகள். ஏற்கெனவே கிருமி குடியிருந்த இடத்தில் அந்நியப் பொருளொன்றை வைத்தால், அப்பொருளே கிருமிக்கு அரணாகிவிடும். காலம் செல்லச் செல்ல அம்மூட்டுகள் சீழ்கொண்டு கெட்டன. கிருமி உள்ள மூட்டில் இதனைச் செய்யலாகாது என்ற முடிவுக்குக் குளுக் அவர்களே வந்தார்.

நேயர்களே, இன்று சத்திரசிகிச்சைக்கு முன்னர் பல்லைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். காலிலுள்ள புண்ணை ஆற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். சிறுநீரிலே கிருமி உண்டா என்று நோக்குகிறார்கள். நீரிழிவைக் கட்டுப்படுத்திய பின்னரே நாள் குறிப்பேன் என்கிறார்கள். "பல்லுக்கும் முழங்காலுக்கும் என்ன உறவு?" என்று நம்மவர் நகைப்பதுண்டு. உறவு இரத்தத்தினாலானது. சொத்தைப் பல்லில் உள்ள கிருமி இரத்த வழியே பயணஞ்செய்து புதிய மூட்டிற் குடியேறக்கூடும். ஆகவே, காய்ச்சலையோ புண்ணையோ மறைத்து, "குறித்த நாள் தவறிவிடுமே" என்று சத்திரசிகிச்சைக்குச் செல்வது பெரும் பிழை. நாள் தவறினால் வேறு நாள் கிடைக்கும்.

குளுக்கின் பின் வந்தோர் பொருளைத் தேடி அலைந்தனர். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வாழ்ந்த ஸ்மித் பீட்டர்சன் என்னும் வைத்தியர் 1923 ஆம் ஆண்டில் தொடையென்பின் தலைக்குக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்தார். நோயாளி ஒருவரின் உடலிற் பல காலம் தங்கியிருந்த கண்ணாடித் துண்டைச் சுற்றி வழுவழுப்பான சவ்வு வளர்ந்திருந்ததைக் கண்டு இவ்வெண்ணம் அவருக்கு உதித்தது. ஆனால், மனித உடலின் பாரத்தைத் தாங்கமாட்டாது கண்ணாடி உடைந்தது. பதினைந்து ஆண்டுகளின் பின்னர், 1938 இல், பல்வைத்தியர்கள் கையாண்ட விட்டாலியம் என்னும் கலப்புலோகத்தால் அவர் கிண்ணம் செய்வித்தார். அது உடையவில்லை. அதே 1938 ஆம் ஆண்டில் இலண்டனில் பிலிப் வைல்ஸ் என்பார் பந்தும் கிண்ணமுமாக முழு இடுப்பு மூட்டையும் உருக்கினாற் செய்து பொருத்தினார். அடுத்த ஆண்டு மூண்ட உலகப்போரில் அம்முயற்சியின் தொடர் அறுந்தது.

போர் முடிந்ததும் 1946 இல் பாரிஸ் நகரத்துச் சகோதரர் இருவர், யூதே என்னும் குடும்பப் பெயருடையவர், அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளால் தொடையென்பின் தலையைச் செய்தனர். நோயாளிகள் பலர் வலி தீர்ந்து நடந்தனர்; உலகம் வியந்தது. அத்தகைய மூட்டுடைய ஒருவர் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி என்னும் சத்திரவைத்தியரிடம் வந்தார். அவர் அசையும்போதெல்லாம் அந்த மூட்டுக் கிறீச்சிட்டதாம். அவ்வோசையை அவர் மனைவியாற் பொறுக்க முடியவில்லையாம்.

பிறர் நகைத்துவிட்டிருக்கக்கூடிய இச்சிறு முறைப்பாட்டைச் சார்ன்லி சிந்தித்தார். ஓசை எழுவதாயின் உராய்வு மிகுதி. உராய்வு மிகுந்தால், ஒவ்வோர் அசைவும் பொருத்திய தண்டை என்பிலிருந்து இழுத்துத் தளர்த்தும். வலி ஏன் சில காலத்தில் திரும்புகிறது என்னும் புதிருக்கு விடை அங்கே கிடந்தது. உராய்வு குறைந்த மூட்டு ஒன்றை ஆக்குவதே தம் வாழ்நாட் பணி என அவர் துணிந்தார்.

சார்ன்லி 1911 ஆம் ஆண்டு லங்காஷயரின் பரி என்னும் ஊரிற் பிறந்தவர். அதே மாகாணத்தின் விகன் நகருக்கு அண்மையில் ரைற்றிங்டன் என்னுமிடத்தில் ஒரு காசநோய் வைத்தியசாலை இருந்தது. புதிய மருந்துகளால் காசநோய் குறையவே அதன் கட்டில்கள் வெறுமையாயின. அங்கேதான் சார்ன்லி தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். வைத்தியசாலைக்குள்ளேயே கடைசல் பட்டறை ஒன்றும் அமைந்தது.

அவர் எடுத்த முடிவுகள் மூன்று. உராய்வைக் குறைக்கத் தொடையென்பின் தலையைச் சிறிய உருக்குப் பந்தாக அமைத்தார். அதன் விட்டம் ஏறக்குறைய 22 மில்லிமீற்றர். இடுப்பெலும்பில் வைக்கும் கிண்ணத்தை வழுக்கும் இயல்புடைய பிளாஸ்டிக்கினாற் செய்தார். பல்வைத்தியர் கையாளும் அக்ரிலிக் பசையையே சீமெந்தாகக் கொண்டு இரண்டையும் என்போடு இறுகப் பற்றுவித்தார்.

கிண்ணத்துக்கு அவர் முதலிற் கொண்ட பொருள் டெப்லோன். இன்று நம் அடுக்களையில் ஒட்டாத சட்டிகளின் உட்பூச்சாக அதைக் காண்கிறோம். 1958 ஆம் ஆண்டு தொடக்கம் ஏறக்குறைய 300 நோயாளிகளுக்கு அதனைப் பொருத்தினார். ஊன்றுகோலோடு வந்தவர்கள் கைவீசி நடந்து சென்றனர். புகழ் பரவிற்று. ஆனால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வரலாயினர். டெப்லோன் தேய்ந்துகொண்டே போயிற்று. தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள தசையையும் என்பையும் நோகச் செய்தன. அத்துகளைத் தம் தொடையிலேயே செலுத்தி, உடல் அதனை எவ்வாறு எதிர்க்கிறது என்று சார்ன்லி சோதித்தறிந்தார். பின்னர் தாம் வைத்தவற்றைத் தாமே அகற்றும் கசப்பான வேலை தொடங்கிற்று. தம் தவறை அவர் மறைக்கவில்லை, எழுத்தில் வெளியிட்டார்.

1962 ஆம் ஆண்டு மே மாதம் ஒரு விற்பனையாளர் அந்தப் பட்டறைக்கு வந்தார். லங்காஷயர் நெசவாலைப் பொறிகளின் பற்சில்லுகளுக்குப் பயன்பட்ட ஒருவகைப் பொலிஎதிலீன் துண்டு அவர் கையிலிருந்தது. சார்ன்லி அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. பட்டறையிற் பணியாற்றிய ஹரி கிரேவன் என்னும் தொழில்வினைஞரோ, சார்ன்லி வெளிநாடு சென்றிருந்த வேளையில் அத்துண்டைத் தேய்வுப் பொறியிற் பூட்டி ஓடவிட்டார். மூன்று வாரம் இடையறாது ஓடியும், டெப்லோன் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. திரும்பிவந்த சார்ன்லி அதனைக் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரில் முதலாவது பொலிஎதிலீன் கிண்ணம் நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. இன்றைய இடுப்பு மூட்டுகள் பலவும் அதன் வழித்தோன்றல்களே.

முன்னைய தோல்வி அவரை எச்சரிக்கையுள்ளவர் ஆக்கியிருந்தது. சில ஆண்டுகள் பொறுத்துப் பார்க்கும் வரையில், பிற வைத்தியர்களுக்குத் தம் மூட்டை விற்க அவர் இசையவில்லை. ரைற்றிங்டனுக்கு வந்து பழகியவர்களிடமே அதனை ஒப்படைத்தார். நோயாளிகளையும் காலந்தோறும் அழைத்துப் பரிசோதித்தார். இன்னுமொன்று செய்தார். "நீங்கள் இறந்த பின்னர் இம்மூட்டை எடுத்து ஆராய எமக்கு அனுமதி தருவீர்களா?" என்று நோயாளிகளிடங் கேட்டார். பலர் மனமுவந்து சம்மதித்தனர். தமக்கு இனிப் பயனில்லாத அறிவைப் பிறர்க்கென விட்டுச் சென்ற அந்த முதியோரின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இல்லை. அவர்களும் இவ்வரலாற்றின் ஆசிரியர்களே என்பது என் துணிபு.

கிருமித்தொற்றும் அவரை வருத்தியது. தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் கிருமித்தொற்று உண்டாயிற்று. எனவே சத்திரசிகிச்சை அறைக்குள்ளே வடிகட்டிய தூய காற்று வீசும் கூடாரம் ஒன்றை அமைத்தார். உடல் முழுவதும் மூடிய அங்கிகளை வைத்தியர் அணியச் செய்தார். தொற்று நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்கும் கீழே இறங்கியது. 1977 இல் அரசி அவருக்கு வீரப்பட்டம் அளித்தார். 1982 இல் அவர் மறைந்தார்.

இனி முழங்காலுக்கு வருவோம். இடுப்பு மூட்டு கிண்ணத்திற் சுழலும் பந்து. அதனைப் போலச் செய்வது ஓரளவு எளிது. முழங்காலோ மடங்கும்போது உருளும், வழுக்கும், சிறிது திரும்பவும் செய்யும். இதை உணராது 1950 ஆம் ஆண்டுகளில் கீல் போன்று பொருத்திய உலோக முழங்கால்கள் திரும்பும் விசையைத் தாங்காது தளர்ந்தன. 1968 இல், சார்ன்லியிடம் பழகிய கனடா நாட்டவரான பிராங்க் கன்ஸ்டன், கீலை விடுத்து உலோகத்தையும் பொலிஎதிலீனையும் தனித்தனியே என்பு முனைகளிற் பொருத்தினார். 1974 இல் நியூயோர்க் நகரில் ஜோன் இன்சோல், இந்தியாவிற் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத், பீட்டர் வோக்கர் ஆகியோர் முழங்காலின் மேற்பரப்பு முழுவதையும் மாற்றும் மூட்டை உருவாக்கினர். அந்த ஆசிரியைக்கு வைக்கவிருப்பது அவ்வழி வந்ததே. முழங்காலை "மாற்றுவது" என்கிறோமேயன்றி, உண்மையில் தேய்ந்த மேற்பரப்பை மெல்லியதாக அரிந்துவிட்டுப் புதிய பரப்பைப் போர்த்துவதே நிகழ்கிறது. தசையும் நாண்களும் நம்முடையவையே.

ஆதலால்தான் சத்திரசிகிச்சையின் பின்னர் பயிற்சி இன்றியமையாததாகிறது. உலோகம் வைத்தியர் தருவது. அதை இயக்கும் தசையின் வலிமை நோயாளி தாமே உழைத்துப் பெறுவது. இக்காலத்தில் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் செய்கின்றனர். அது கொடுமையன்று. அசையாது கிடந்தால் காலின் நாளங்களில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கே கேடு. வீடு திரும்பிய பின் கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு நொந்தாலோ, அந்தக் கணமே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். காயம் சிவந்து நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அவ்வாறே. கைவைத்தியம் செய்து காலங்கடத்தலாகாது.

அடுத்து, ஆசிரியை கேட்ட வினா: எத்தனை வருடம் உழைக்கும்? 1975 இல் சுவீடன் நாட்டவர் பொருத்திய முழங்கால் ஒவ்வொன்றையும் ஏட்டிற் பதியத் தொடங்கினர். 1979 இல் இடுப்பு மூட்டுக்கும் பதிவேடு திறந்தனர். பிற நாடுகளும் பின்பற்றின. இத்தகைய ஏடுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2019 ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்கு 82 உம், இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு 58 உம் 25 ஆண்டுகள் நிலைத்திருக்கின்றன. எழுபது வயதில் செய்துகொள்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றே போதுமானது. நாற்பதிலோ ஐம்பதிலோ செய்துகொள்பவர் வாழ்நாளில் மீண்டும் ஒருமுறை செய்ய நேரலாம். இரண்டாம் முறை முதலாவதிலும் கடினம். வைத்தியர் இளையோரிடம் "இன்னுஞ் சிறிது பொறுப்போம்" என்பது இதனாலேயே.

பதிவேடு வேறொரு நன்மையும் செய்தது. உலோகத்தின் மேல் உலோகம் உரசும் ஒருவகை இடுப்பு மூட்டு, புதுமை என்னும் பெயரால் உலகெங்கும் விற்கப்பட்டது. அது வழமையிலும் விரைவாகக் கெடுவதைப் பதிவேடுகள் காட்டின; 2010 ஆம் ஆண்டு அது விற்பனையிலிருந்து மீளப் பெறப்பட்டது. ஆகவே, "புதியது, மிகப் புதியது" என்னும் பேச்சில் மயங்கற்க. "இது எத்தனை ஆண்டுகளாக வழக்கில் உள்ளது? எவ்வாறு நிலைத்திருக்கிறது?" என வினவுங்கள். உங்களுக்கு வைத்த மூட்டின் பெயரும் அளவும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, பிறப்புச் சாட்சிப்பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வலியே இல்லாவிடினும் குறித்த காலத்திற் பரிசோதனைக்குச் செல்லுங்கள். தேய்வு பல வேளைகளில் ஓசையின்றியே நிகழும்.

எதிர்பார்ப்பையும் அளந்து வைத்தல் வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுள் மிகப் பெரும்பாலோர் மனநிறைவடைகின்றனர். முழங்கால் மாற்றியவர்களுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் முழு நிறைவு பெறுவதில்லை. வலி பெரிதும் குறையலாம். ஆயினும் இளமைக் காலத்து முழங்கால் திரும்பி வாராது. சப்பாணி கட்டி இருத்தல், குந்தியிருத்தல், முழந்தாளிடுதல் ஆகியவை பலருக்கு இயலாமற் போகலாம். வீட்டு மலகூடத்தைக் கதிரை போன்றதாக மாற்றுவதும், பாயை விட்டுக் கட்டிலுக்கு மாறுவதும், சுவரிற் கைபிடி பொருத்துவதும் முன்னரே செய்யத்தக்கவை. இடுப்பு மூட்டு மாற்றியவர் எவ்வளவு குனியலாம், காலின் மேற் காலிடலாமா என்பவற்றைத் தம் வைத்தியரிடமே கேட்டறிக. பந்து கிண்ணத்தை விட்டு நழுவாதிருப்பதற்கான கட்டளைகள் அவை.

இறுதியாக, எப்போது செய்வது? எக்ஸ்றே படத்தில் தேய்வு தெரிகிறது என்பது மாத்திரம் போதிய காரணமன்று. உடற்பாரத்தைக் குறைத்து, தொடைத் தசையை வலுப்படுத்தி, நோவுக்கு மருந்துண்டு, நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் ஊன்றுகோல் பிடித்து நடந்தும் உறக்கமும் நடமாட்டமும் கெடுமாயின், அப்போது வைத்தியரோடு அமர்ந்து பேசத்தகும். செய்யாதிருப்பதும் ஒரு முடிவே. அச்சத்தினாற் செய்யாதிருப்பது வேறு, அறிந்து செய்யாதிருப்பது வேறு.

இவையனைத்தையும் கேட்ட ஆசிரியை சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "தம்பி, தான் விட்ட பிழையை ஒளிக்காமல் எழுதி வைத்தானே அந்த மனுசன். அவனை நம்பலாம்" என்றார். மறுவாரமே பல்வைத்தியரிடஞ் சென்றார். தாம் கேட்கவேண்டிய வினாக்களைக் கொப்பித் தாளில் இலக்கமிட்டு எழுதிக்கொண்டு சத்திரவைத்தியரைக் கண்டார். நீரிழிவு கட்டுக்குள் வந்ததும் நாள் குறிப்பதாக அவர் கூறியுள்ளார். "இனிக் கோயில் மண்டபத்தில் நிலத்தில் இருக்க ஏலாது. ஒரு கதிரை போடச் சொல்லிவிட்டேன்" என்று சென்ற வாரம் என்னிடங் கூறி நகைத்தார்.

உங்கள் இல்லத்திலும் படியேற முடியாது ஒரு முதியவர் இருக்கக்கூடும். அவருக்குத் தைரியம் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். அருகிருந்து அந்த அறிவுரைத் தாளை வாசித்து, ஏன் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.